மதாம் மண்ணுக்குள் இருந்த நாற்பது நாள்

கோவில்பத்து, காரைக்கால்
27 அக்டோபர் 2024, ஞாயிறு

டெல்பினுக்கு அப்பா எழுதுவது.

மரியே வாழ்க. உன் அம்மா எந்தக் கடிதம் எழுதினாலும் மேலே இப்படித்தான் போடுவாள், நானும் போட்டுவிட்டேன். பதினாலு மாசம் கழித்து எழுதுகிறானே, சமாதானமாகிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மேல் உள்ள கோபம் ஐஸ் பிளாண்ட் கம்ப்ரசர் மாதிரி நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் மரவட்டைகளுக்காக.

ஒரு வாரமாக அடைமழை. உன் ரூமில் மூன்று கண்ணாடித் தொட்டியும் வைத்திருந்தாயே, அந்தப் பிளைவுட் பலகை ஊறி உப்பி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்படியே முறிந்து விழுந்தது. இரண்டு தொட்டி சுக்குநூறு. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஐம்பத்தெட்டு வயதில் பூச்சி பொறுக்குகிறேன், என் தலையெழுத்தைப் பார். கறுப்பு, சிவப்பு, அந்த மஞ்சள் புள்ளி போட்ட தட்டை, தொட்டால் கோலிக்குண்டு மாதிரி சுருண்டுகொள்ளும் உருண்டை, நாலு வகையையும் கையில் கிடைத்த தெர்மாகோல் மீன் பெட்டியில் போட்டு மூடிவைத்தேன். காலையில் திறந்தால் பாதாம் கசந்த மாதிரி ஒரு வாடை. சிவப்பில் மூன்று செத்துக் கிடந்தன.

பக்கத்து வீட்டு மதிவதனி போனில் தேடிப் பார்த்தாள். எந்த வகையை எந்த வகையோடு வைக்கலாம் என்று வெள்ளைக்காரன் பக்கம் பக்கமாகச் சொல்கிறானாம். அதில் நம் ஊர்ப் பூச்சி ஒன்றுகூட இல்லை. பெட்டியை இப்போது வலை போட்டுத் திறந்தே வைத்திருக்கிறேன். மீதி இருப்பது ஒரே ஒரு தொட்டி. எதோடு எதை வைப்பது, எழுது. உங்கள் மடத்தில் போன் இருந்தால் ஒரு நிமிஷ வேலை இது.

அந்தப் பெரிய கறுப்பு, நம் மதாம், நன்றாக இருக்கிறது. அதை மட்டும் முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

போகும்போது ‘இதுகளைப் பாத்துக்குங்கப்பா’ என்று சொல்லிவிட்டுப் போனாய். என்னை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லவே இல்லை.

அற்புதராஜ்

⁕

தியான மடம்
10 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மரியே வாழ்க. உறையின் மேல் உங்கள் கோணல் எழுத்தைப் பார்த்ததும் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். மதர் பயந்து, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார்கள். மரவட்டை மூன்று செத்துப்போச்சு மதர் என்றேன். அதற்குப் பிறகு அந்த மேசையில் யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பா, அந்தத் தட்டைதான் கொன்றது. அதன் மேல் தப்பில்லை, பயந்தால் உடம்பிலிருந்து விஷக் காற்றை விடும். காட்டில் அது காற்றோடு போய்விடும். மூடின பெட்டியில் எங்கே போகும்? தட்டையை யாரோடும் சேர்க்காதீர்கள். வால்பாறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவள் என் தோழி விஷ்ணுப்ரியாதானே, தருமபுரத்தில் அவள் வீட்டில் இடம் இருக்கிறது, கேட்டால் வாங்கிக்கொள்வாள். உருண்டையும் தனியாக இருக்க வேண்டியது. சண்டை போடாது, யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் மற்றவை தின்பதை அது தின்னாது, அதோடு வந்த மலைச் சருகைத்தான் தின்னும். கூட்டத்தில் போட்டால் சத்தமில்லாமல் பட்டினி கிடந்து செத்துப்போகும், கடைசி நாள் வரை நமக்குத் தெரியாது.

கறுப்பையும் சிவப்பையும் சேர்க்கலாம். இரண்டும் நம் மண்ணில் பிறந்தவை, ஒரே ஈரம், ஒரே பூவரசஞ் சருகு போதும். ஆனால் சிவப்பில் பெரிதாக, எந்நேரமும் மண்ணைக் குடைந்துகொண்டே இருப்பது ஒன்று உண்டு. அதை மட்டும் பிரித்துவையுங்கள். மற்றவை கீழே போய்ச் சட்டை உரிக்கும்போது அது குடைந்து கூட்டை உடைத்துவிடும். எந்த வகை என்பதைவிட, யார் சும்மா இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

போன வருஷம் ஆகஸ்டில் என்னைப் பார்க்க வந்த நீங்கள் பேச்சறைத் தடுப்புக் கம்பியைப் பிடித்து உலுக்கினதில் ஒரு திருகாணி தளர்ந்து போயிற்று. இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. ஐஸ் பிளாண்ட் மெக்கானிக் உலுக்கினால் மடம் தாங்குமா?

ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் ஒன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள், நாங்களும் போட முடியாது. தவக்காலத்திலும் அப்படித்தான். வந்ததெல்லாம் மதர் மேசை டிராயரில் இருக்கும், பண்டிகையன்று கொடுப்பார்கள். அதனால் பதில் வரவில்லையென்றால் கோபப்படாதீர்கள்.

மகள் டெல்பின்

⁕

கோவில்பத்து
24 நவம்பர் 2024

அம்மாடி டெல்பின்,

நீ சொன்னபடி குடித்தனம் பிரித்தாகிவிட்டது. தட்டையைத் தருமபுரம் கொண்டுபோய் விஷ்ணுப்ரியாவிடம் கொடுத்தேன். டி.வி.எஸ்.ஸில் முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு மூடாமல் போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் ‘என்னண்ணே, மீனா?’ என்று எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பச்சை விழுவதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டார். உருண்டை ஆறும் உன் அம்மாவின் பெரிய ஊறுகாய் ஜாடியில். கழுவிக் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் போட்டேன், பயப்படாதே. குடைகிற சிவப்பனைக் கண்டுபிடிக்க மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். அவன் ஒரு பெயிண்ட் வாளியில் தனியாகக் குடைந்துகொண்டிருக்கிறான், என்னைப் போல.

கறுப்பும் சிவப்பும் தொட்டியில், மதாமும் அவற்றோடுதான். ஓடு கெட்டிப்பட கணவாய் ஓடு வேண்டும் என்று நீ அலைவாயே, துறைமுகத்தில் ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். எதுக்கு என்று கேட்டார்கள். பல்லுக்கு என்று சொல்லிவிட்டேன்.

உன் ரூமில் நாற்காலி போட்டு அங்கேயே சாப்பிடுகிறேன். மதாம் வெள்ளரிக்காய் துண்டுக்கு வருகிற நடை இருக்கிறதே, அவசரம் என்றால் என்னவென்று தெரியாத நடை. கொய்யா மரத்தடியில் உன் அம்மா அதைப் பார்த்த அன்றைக்கு, ‘இந்தா பாருங்க, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கப் போற மதாம் மாதிரி வர்றா’ என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அது ஒரு ஐப்பசி, அடுத்த ஐப்பசிக்கு என் ஜூலியட் இல்லை. அவள் கை பட்டது, இன்னும் உயிரோடு நடமாடுவது, இந்த வீட்டில் இது ஒன்றுதான். நீயும் ஒருத்தி இருந்தாய்.

திருகாணியை மடத்தில் யாரையாவது முறுக்கச் சொல். எட்டாம் நம்பர் ஸ்க்ரூ. இல்லை, கிடக்கட்டும்.

அப்பா

⁕

தியான மடம்
12 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மரியே வாழ்க. உங்கள் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் காலையில் கொடுத்தார்கள். ஜாடியில் இருக்கும் உருண்டைகளையும் வாளியில் குடையும் சிவப்பனையும் பற்றி சிஸ்டர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வயதான சிஸ்டர் தினமும் ‘சிவப்பன் எப்படி இருக்கான்?’ என்று கேட்கிறார்.

மதாமின் நிறம் மங்கி, சாப்பாட்டைக் குறைத்தால் கவலைப்படாதீர்கள். வழக்கமாகப் பொங்கல் கழித்து ஒருநாள் மண்ணுக்குள் போகும். உள்ளே ஒரு சின்ன அறை மாதிரி செய்துகொண்டு சட்டை உரிக்கும். சில வாரம் ஆகும், அதுவாக மேலே வரும். மண்ணை ஈரமாக வைத்திருங்கள், போதும்.

மே 31 எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கும் நாள். பங்குச் சாமியாருக்கும் மதர் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. என்றாலும் கேட்கிறேன்.

இங்கே எல்லோரும் நல்லவர்கள் அப்பா. குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம். சில நாள் ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி வருமாம், போய்விடுமாம். பார்க்கலாம்.

நீங்கள் இரவில் மாத்திரை போடுகிறீர்களா?

டெல்பின்

⁕

கோவில்பத்து
9 மார்ச் 2025, ஞாயிறு

டெல்பின்,

தவக்காலம் ஆரம்பித்து நாலு நாளாகிறது. இந்தக் கடிதம் மதர் டிராயரில்தான் கிடக்கும், ஈஸ்டருக்குத்தான் உன் கைக்கு வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு யாரிடம் கேட்பேன்?

மதாம் பிப்ரவரி எட்டாம் தேதி மண்ணுக்குள் போனது. நீ சொன்ன மாதிரியே நிறம் மங்கித்தான் போனது. இன்றோடு இருபத்தொன்பது நாள். காலண்டரில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் கோடு போடுகிறேன். சில வாரம் என்று எழுதினாயே, சில என்றால் எத்தனை? மூன்றா, எட்டா? ஒரு எண்ணைச் சொல்லியிருக்கக் கூடாதா? ஜூலியட்டும் இப்படித்தான், ‘கொஞ்சம் உப்பு’ என்பாள்.

விஷ்ணுப்ரியாவைக் கேட்டேன். தட்டையைப் பற்றித்தான் தெரியும், பெரிய கறுப்பைப் பற்றி டெல்பினைத்தான் கேட்க வேண்டும் என்றாள். போ.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது. முப்பது வருஷமாக மீன் பெட்டியோடு இருக்கிறவன் நான். ஒரு மீன் கெட்டுப்போய் அதை எடுக்காமல் விட்டால் பெட்டி மொத்தமும் போய்விடும். கீழே அது செத்துக் கிடந்து, மேலே இருக்கிற பதினொன்றும் அதனால் போய்விட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன்? நாற்பது நாள் வரைக்கும் பொறுக்கிறேன். சேசுவே வனாந்தரத்தில் நாற்பது நாளுக்கு மேல் இருக்கவில்லை. இந்தப் பூச்சி அதற்கு மேலும் இருக்குமா?

அப்பா

⁕

கோவில்பத்து
23 மார்ச் 2025, ஞாயிறு

என் மகள் டெல்பினுக்கு,

மதாம் செத்துவிட்டது. நான்தான் கொன்றேன்.

நாற்பது நாள் பொறுத்தேன். நாற்பத்தொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து நேரே வந்து சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டியில் கையை விட்டேன். ஒரு பக்கம் மண் கெட்டியாக இருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே இடிந்தது. முட்டை அளவுக்கு ஒரு அறை, சுவர் எல்லாம் வழவழவென்று பூசின மாதிரி. அதற்குள் மதாம் சுருண்டு படுத்திருந்தது டெல்பின். வெள்ளை வெளேரென்று. பாதிச் சட்டை உரிந்து பக்கத்தில் கிடந்தது, பாதி உடம்போடு இருந்தது. என் விரல் பட்ட இடம் பள்ளமாகிவிட்டது. வெண்ணெயைத் தொட்ட மாதிரி இருந்தது. கால்கள் எல்லாம் அசைந்தன.

மண்ணை மூடினேன், தண்ணீர் தெளித்தேன், ஈரத்துணி போட்டேன். என்னென்னவோ செய்தேன். நேற்று மத்தியானம் கால் அசைவது நின்றுவிட்டது. இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் அதுவாக மேலே வந்திருக்கும் என்று விஷ்ணுப்ரியா வந்து பார்த்துச் சொன்னாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பூமியைத் தோண்டிவிட்டேன். கல்லறையில் ஜூலியட்டின் சிலுவைக்கு அடியில் கொண்டுபோய்ப் புதைத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடமும் கேட்கிறேன்.

இரண்டு நாளாக எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. எதோடு எதை வைக்கக் கூடாது என்று நீ எழுதினாயே, அதில் என்னையும் சேர்த்துக்கொள். சும்மா இருக்கத் தெரியாமல் குடைகிறவன் நான். நீ என்னவாகவோ மாறிக்கொண்டு அமைதியாக இருந்த இடத்துக்கு வந்து கம்பியை உலுக்கினேன். ‘உங்க அம்மா செத்தப்ப நான் இருக்கேன்பான்னு சொன்னியே, எங்கடி இருக்கே?’ என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அன்றைக்கு உன் முகம் வெளுத்தது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

இனிமேல் வா என்று ஒரு தடவைகூடச் சொல்லமாட்டேன். பீரோவில் இருந்த உன் சுடிதார்களையெல்லாம் மதிவதனிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. துணிகளை வைத்துக்கொண்டு நீ வருவாய் வருவாய் என்று தினமும் திறந்து பார்ப்பது எனக்கும் நல்லதில்லை. மே 31க்கு வருகிறேன் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்குப் பூசையில் அவர் உன் பெயரைச் சொல்லி அறிவித்தார். பெருமையாகத்தான் இருந்தது.

எப்போதாவது மனசு தளர்ந்தால், அப்பா தனியாக இருக்கிறாரே என்று கிளம்பிவிடாதே. நீ திரும்பி வந்தால், நான்தான் உன்னை நேரம் வருவதற்குள் தோண்டி எடுத்துவிட்டேன் என்று சாகும்வரைக்கும் நினைப்பேன். என்னால் அது தாங்காது.

உன் அப்பா

⁕

தியான மடம்
பெரிய வியாழன், 17 ஏப்ரல் 2025

அப்பா,

இதை ஈஸ்டர் முடிந்ததும் முதல் தபாலில் போடப் போகிறேன். அதற்குள் தைரியம் போய்விடக் கூடாது என்று இன்றைக்கே எழுதிவைக்கிறேன்.

நான் வீட்டுக்கு வரட்டுமா?

இங்கே யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மதர்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ‘டெல்பின், நீ இங்க ஆண்டவரைத் தேடி வந்தியா, அம்மாவைத் தேடி வந்தியாம்மா?’ என்று கேட்டார்கள். அம்மா போன பிறகு வீட்டில் ஒவ்வொரு இடமும் என்னைக் கடித்தது. நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள், வேலைக்குப் போனீர்கள், வந்தீர்கள், படுத்தீர்கள். சத்தமில்லாத ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று வந்தேன். மூன்று வருஷமாக அந்தச் சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உருண்டை மாதிரி. யாரும் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை. எனக்குத் தின்ன வேண்டியது இங்கே இல்லை, அவ்வளவுதான்.

உங்களோடு சண்டை போட வேண்டும். மீன் வாடையோடு வந்து சாப்பாட்டில் உட்காராதீர்கள் என்று கத்த வேண்டும். அந்தத் திருகாணி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சறையைப் பெருக்கும்போதெல்லாம் தொட்டு ஆட்டிப் பார்க்கிறேன். என்னை ஒருவர் இவ்வளவு வேண்டும் என்று நினைத்தாரே என்று இருக்கும். அன்றைக்கு நான் உங்கள் மேல் கோபப்பட்டு முகம் வெளுக்கவில்லை அப்பா. இன்னொரு தடவை உலுக்கியிருந்தால் கூடவே வந்திருப்பேன்.

என்ன பயம் என்றால், ‘மடத்துலேருந்து ஓடிவந்தவ’ என்று ஊரில் பேசுவார்கள். அது உங்களுக்குத் தலைகுனிவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். ‘வா’ என்று எழுதினால் போதும். மதரிடம் சொல்லிவிட்டேன், ஈஸ்டருக்கு அடுத்த வாரத்துக்குள் முடிவைச் சொல்லச் சொன்னார்கள். வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள் என்றார்கள்.

என்னைக் கூட்டிப்போக வரும்போது பீரோவிலிருந்து என் நீலச் சுடிதாரை எடுத்துக்கொண்டு வாருங்கள். வெளியில் போட்டுக்கொள்ள எனக்கு இங்கே ஒரு துணியும் கிடையாது.

மதாம் மேலே வந்திருக்குமே. நான் வருகிறேன் என்று அதனிடம் சொல்லுங்கள்.

உங்கள் டெல்பின்

(ஈஸ்டர் ஞாயிறு மாலை. அப்பாவின் இரண்டு கடிதங்களையும் காலையில் கொடுத்தார்கள். இதைத் தபாலில் போடவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.)

⁕

தியான மடம்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மரியே வாழ்க. ஈஸ்டர் வாழ்த்துக்கள்.

இரண்டு கடிதமும் நேற்றுக் கிடைத்தன. மதாமுக்காக அழாதீர்கள். தப்பு என்னுடையது. சில வாரம் என்று எழுதினேன், மூன்று மாசம்கூட ஆகலாம், எத்தனை நாள் ஆனாலும் தொடாதீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். ஒன்றைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். அம்மா காலடியில் வைத்தீர்களே, அது நல்லது.

மற்றவற்றைச் சேர்த்தே வைத்திருங்கள். கறுப்பும் சிவப்பும் ஒன்றையொன்று ஒன்றும் செய்யாது. வெயில் காலம், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் தெளியுங்கள். உருண்டைக்கு விஷ்ணுப்ரியாவிடம் மலைச் சருகு கேட்டு வாங்கிப் போடுங்கள், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது கேட்கத் தெரியாதது. சிவப்பனை வாளியிலிருந்து எடுத்து நம் கொய்யா மரத்தடியில் விட்டுவிடுங்கள். பாவம், அவன் கெட்டவன் இல்லை.

மே 31 காலை பத்து மணிக்குப் பூசை. முதல் நாளே வந்தால் விருந்தினர் அறை இருக்கிறது. மதர் நேற்று என்னை ஒரு கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டேன் மதர், பதில் கிடைத்துவிட்டது என்றேன்.

மதிவதனிக்கு வேலை கிடைத்தது சந்தோஷம். அந்த நீலச் சுடிதார் அவளுக்குப் பொருந்திற்றா?

மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

மகள் டெல்பின்

⁕

கோவில்பத்து
8 ஜூன் 2025, ஞாயிறு

என் தங்கம் டெல்பினுக்கு,

மரியே வாழ்க. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை, போட் எதுவும் கடலுக்குப் போகாததால் பிளாண்ட்டில் வேலை இல்லை. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

உன் வார்த்தைப்பாட்டுப் பூசை முடிந்து, நம் ஊர்க் கோயிலிலிருந்து வந்திருந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். சாமியார் ‘அற்புதராஜ், பொண்ணைக் குடுத்த மகராசன்யா நீ’ என்றார். நீலச் சுடிதாரைப் பற்றிக் கேட்டிருந்தாயே, மதிவதனிக்குக் கொஞ்சம் நீளம், மடித்துத் தைத்துக்கொண்டாள். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தாள். ஒரு நொடி நீ என்று நினைத்து எழுந்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்துகொண்டேன்.

சிவப்பனைக் கொய்யா மரத்தடியில் விட்டேன். கறுப்பில் இன்னொன்று மண்ணுக்குள் போயிருக்கிறது. காலண்டரில் கோடு போடவில்லை. தொட்டி மேல் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், ‘கையை வைக்காதே’ என்று. எனக்கு நானே எழுதிக்கொண்டது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. பேச்சறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாய். மெலிந்திருந்தாய். கண் கலங்கியிருந்தது. ‘அப்பா’ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். நான் காத்துக்கொண்டிருந்தேன். ‘என்னம்மா, வந்துடுறியா?’ என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது டெல்பின். மாதா மேல் சத்தியமாக வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுங்கினேன். ‘சாப்பாடெல்லாம் நல்லாருக்கா?’ என்று கேட்டேன். ‘நல்லாருக்குப்பா’ என்றாய். உன் கை கம்பியில் இருந்தது. நான் தொடவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன், ஆனால் மனசு லேசாக இருந்தது. வாழ்க்கையில் இந்த ஒரு தடவையாவது சும்மா இருந்துவிட்டேன். உன் அம்மா இருந்திருந்தால், பரவாயில்லையே இந்த மனுஷன் என்று சொல்லியிருப்பாள்.

நீ உள்ளே போன பிறகு மதரிடம் கேட்டு ஒரு வேலையும் முடித்துவிட்டுத்தான் வந்தேன். ஸ்க்ரூ டிரைவரை ஊரிலிருந்தே பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். அந்தத் திருகாணியை நானே இறுக்கி முறுக்கிவிட்டேன். இனிமேல் ஆடாது.

உன் அப்பா
அற்புதராஜ்